பழைய கேமராவின் கண்ணாடித் திரை

குமாரலிங்கபுரம் பக்கம் பங்குனி மாதத்து உச்சிவெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். கரிசல் வெளி, சீமைக்கருவேலம், ஒளிக்கூச்சம். லென்ஸை எஃப்/11-க்கு மூடிவிட்டால் பதினைந்தடிக்கு அப்பால் அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக விழும். ஃபோகஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம்.

அது நினைவுக்கு வருவது விடியற்காலை முகூர்த்தத்தில், அல்லது கோயில் மண்டபத்தில் எண்ணெய் விளக்கின் வெளிச்சம் மட்டும் இருக்கும்போது. அங்கே எஃப்/1.4 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸை முழுதாகத் திறந்தாக வேண்டும். ஆறடி, ஏழடி தூரத்தில் நிற்கும் முகத்தில் கூர்மையாக விழும் ஆழம் அப்போது சுமார் 9 சென்டிமீட்டர். கண் கூர்மையாக இருந்தால் காது கலங்கியிருக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பழைய ஸ்டுடியோக்களின் பரணில் இப்படிப்பட்ட லென்ஸ்கள் இன்னும் கிடக்கக்கூடும். அப்பா காலத்து நிக்கான் எஃப்எம்10, பென்டாக்ஸ் கே1000, ரஷ்யாவிலிருந்து வந்த ஜெனித். ஃபிலிம் போனதோடு உடல்கள் ஓய்ந்துவிட்டன, லென்ஸ்கள் ஓயவில்லை. நிக்கான் 1959-ல் எஃப் கேமராவோடு கொண்டுவந்த லென்ஸ் வளையம் அதன் டிஜிட்டல் எஸ்எல்ஆர்களிலும் தொடர்ந்தது. அதனால் மகன் வாங்கிய செகண்ட்ஹாண்ட் டிஜிட்டலில் அப்பாவின் லென்ஸ் மாட்டுகிறது. கையால் வளையத்தைத் திருப்புகிறார், வியூஃபைண்டரில் பளிச்சென்று தெரிகிறது, பட்டனை அழுத்துகிறார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பத்தில் ஆறு படம் கலங்கல். லென்ஸ் பழசாகிவிட்டது என்பார்கள், கண்ணாடி போட வேண்டும் என்பார்கள், கை நடுங்குகிறது என்பார்கள். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இவை மூன்றும் இல்லை. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே படுத்திருக்கும் தபால்தலையளவு பிளாஸ்டிக் துண்டு அது. அதன் பெயர் ஃபோகஸிங் ஸ்கிரீன்.

அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பழைய ஃபிலிம் கேமராவின் திரையை அங்கே வைத்தால் என்ன? கேள்வி சின்னது. பதிலுக்கு முன் திரையின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். அவர் காலத்துப் பெட்டிக் கேமராவின் முதுகில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். தலையில் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும் கோபுரத்தைப் பார்த்துத்தான் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கூர்மை வந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் நெகட்டிவைச் செருக வேண்டும். ‘அதே இடத்தில்’ என்பதுதான் முழு ரகசியம். கண்ணாடியின் தேய்த்த பக்கமும் நெகட்டிவின் முகமும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் கண் பார்த்தது ஒன்று, படத்தில் விழுவது வேறொன்று.

எஸ்எல்ஆர் கேமரா செய்தது இந்த இடமாற்றத்தை ஒரு கண்ணாடியிடம் ஒப்படைத்ததுதான். லென்ஸுக்குப் பின்னால் 45 பாகையில் சாய்ந்து நிற்கும் முகக்கண்ணாடி ஒளியை மேலே திருப்பித் திரையில் விழவைக்கிறது. படமெடுக்கும் கணத்தில் அது மேலே மடங்க, அதே ஒளி ஃபிலிமுக்குப் போகிறது. லென்ஸ் வளையத்திலிருந்து ஃபிலிமுக்கு எவ்வளவு தூரமோ, கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரைக்குப் போகும் தூரமும் அவ்வளவே இருக்க வேண்டும். நிக்கானில் அது 46.5 மி.மீ., கேனான் இஓஎஸ்-இல் 44 மி.மீ. ஃபிலிமின் இடத்தில் சென்ஸார் வந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

வெறும் தேய்த்த கண்ணாடியில் கூர்மையைத் தீர்மானிப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். அதனால் திரையின் நடுவில் ஓர் உதவி சேர்ந்தது: கிடைக்கோட்டால் இரண்டாகப் பிளந்த சிறு வட்டம். எதிரெதிராகச் சரிந்த இரண்டு ஆப்பு வடிவப் பட்டகங்கள் அதில் இருக்கின்றன. ஃபோகஸ் தவறினால் தூண் நடுவில் முறிந்து விலகி நிற்கும்; சரியானால் ஒன்று சேரும். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்பட்டகங்கள் கொண்ட வளையம். கூர்மை தப்பினால் அந்த இடம் மினுமினுக்கும். நிக்கான் இந்த வகைக்கு ‘கே’ என்று பெயர் வைத்தது. எஃப்எம்2 கேமராவில் வந்தது கே2, 2001-ல் எஃப்எம்3ஏ-வோடு வந்த இன்னும் பிரகாசமான திரை கே3. இன்றைய டிஜிட்டல் மாற்றங்களில் பேர்போனது இந்தக் கே3தான்.

விலகிய இரண்டு பிம்பங்களை ஒன்றுசேர்த்துத் தூரம் காணும் உத்தி திரையோடு பிறந்ததல்ல. அது ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் சொத்து. திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவர் கையை விட்டுப் பிரியாத லைக்காவில் தேய்த்த கண்ணாடியே கிடையாது. ஜன்னல் வழியாகத் தெரியும் இரட்டைப் பிம்பம் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். எஸ்எல்ஆர் திரையின் பிளவு வட்டம் இந்த வசதியை லென்ஸ் வழியாகப் பார்க்கும் வசதியோடு சேர்த்தது. எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டில் கல்யாணப் படம் எடுத்தவர்களின் கண் பழகியது இந்தக் கூட்டணியில்தான். தாலி முடியும் கணத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பட்டன் வரிசை முறியாமல் நிற்கிறதா என்று பார்த்து எடுத்தார்கள்.

பிறகு ஆட்டோஃபோகஸ் வந்தது. 1985-ல் மினோல்டா 7000 பெருவழக்காக்கிய அந்த வசதியோடு எஃப்/3.5-5.6 ஜூம் லென்ஸ்களும் வந்தன. அவை உள்ளே விடும் ஒளி குறைவு. பழைய தேய்த்த கண்ணாடி அவற்றோடு சேர்ந்தால் வியூஃபைண்டர் இருண்ட அறை. கூர்மை பார்க்கும் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டதால் திரைக்குப் பொறுப்பு குறைந்தது. பிரகாசமாக இருந்தால் போதும் என்றாயிற்று. ஒளியைக் குறைவாகச் சிதறடித்து நேராகக் கண்ணுக்கு அனுப்பும் நுண்லென்ஸ் திரைகள் வந்தன.

பிரகாசத்துக்குக் கொடுத்த விலை இதுதான்: இப்படிப்பட்ட திரை லென்ஸின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளியையே பெரும்பாலும் காட்டுகிறது. நாம் எஃப்/1.4-க்குத் திறந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய எஃப்/2.8-இன் காட்சி. மேலே சொன்ன 9 சென்டிமீட்டர் ஆழம் கண்ணுக்கு 18 சென்டிமீட்டராகத் தெரியும். அந்தப் பதினெட்டுக்குள் எங்கே நிறுத்தினாலும் கூர்மை என்றுதான் கண் நம்பும். படமோ பாதி நேரம் தவறும். திரை பொய் சொல்கிறது என்றே சொல்லிவிடலாம். இதைச் சோதிப்பது சுலபம்: லென்ஸை எஃப்/1.4-இலிருந்து எஃப்/2.8-க்கு மூடி, ஆழம் பார்க்கும் பட்டனை அழுத்தினால் வியூஃபைண்டரில் வெளிச்சம் ஏறக்குறைய மாறாது.

அளவும் ஒரு தொல்லை. சென்ஸார் சிறிய ஏபிஎஸ்-சி கேமராக்களில் வியூஃபைண்டர் காட்சியும் சிறுத்துவிட்டது. 2004-ல் வந்த நிக்கான் டி70-இல் கண்ணுக்குத் தெரியும் சட்டத்தின் அகலம், எஃப்எம்2-இல் தெரிவதில் ஐந்தில் மூன்று பங்குதான். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். பழைய திரையை வைத்தாலும் இந்தக் கிணறு அகலமாகாது. மாற்றிப் பார்த்தவர்கள் முதலில் ஏமாறும் இடம் இது.

சில நிறுவனங்கள் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு மருந்தும் கொடுத்தன. கேனான் 5டி-க்கு (2005) மூன்று திரைகள் வந்தன: வழக்கமானது, கட்டம் போட்டது, கையால் ஃபோகஸ் செய்வோருக்கான ‘எஸ்’ வகை. எஃப்/2.8 அல்லது அதைவிடத் திறந்த லென்ஸ்களுக்குத்தான் எஸ் வகை. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் இருட்டடிக்கும். 40டி, 5டி மார்க் 2, 6டி ஆகியவற்றுக்கும் இதே ஏற்பாடு இருந்தது. எந்தத் திரை போட்டிருக்கிறோம் என்பதைக் கேமராவுக்குச் சொல்ல மெனுவில் ஓர் இடமும் வைத்தார்கள். கோபுரமும் மதிலும் எடுப்பவர்களுக்குக் கட்டத் திரை பெரிய உதவி. ஆனால் பிளவு வட்டம் இவை எதிலும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது அமெரிக்காவின் காட்ஸ் ஐ என்ற சிறு நிறுவனம். ஏராளமான டிஜிட்டல் மாடல்களுக்குப் பிளவு வட்டத் திரைகளைச் செய்து விற்றது, இப்போது இல்லை. தைவானிலிருந்தும் நிக்கான் கே3 போன்ற ஃபிலிம் காலத் திரைகளை டிஜிட்டல் அளவுக்கு வெட்டி விற்றார்கள்.

அவர்கள் செய்ததை வீட்டு மேசையிலும் செய்யலாம். கேமராவின் வாயைத் தரையை நோக்கி வைத்துக்கொண்டு, உள்ளே கூரையில் திரையைத் தாங்கும் கம்பிக் கொக்கியைச் சாமணத்தால் தள்ளினால் திரை கையில் விழும். பழைய திரை முழுச் சட்டத்துக்கானது, 36-க்கு 24 மி.மீ. காட்சிக்குச் செய்தது. அசல் திரையை அச்சாக வைத்து, பிளவு வட்டம் நடுவில் வருமாறு குறித்து, ஓரங்களை மெல்லிய அரத்தாலும் நீர் தொட்ட உப்புத்தாளாலும் தேய்த்துக் குறைக்க வேண்டும். நகை வேலை செய்யும் ஆசாரியிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. வெட்டும்போது முகத்தில் கீறல் விழாமல் மூட வேண்டும். ஒட்டும் டேப்பைத் தேய்த்த (மாட்) பக்கத்தில் நேரடியாக ஒட்டினால் பசை நுண்குழிகளில் தங்கிவிடும், பிறகு எந்தத் திரவத்தாலும் அதை எடுக்க முடியாது.

ஆனால் வெட்டுவது இதில் பாதி வேலைகூட இல்லை. உட்கார வைப்பதுதான் வேலை.

பல கேமராக்களில் கம்பி திரையைக் கீழிருந்து மேலே, ஒரு மெல்லிய சட்டத்தோடு சேர்த்து அழுத்துகிறது. கூர்மையைத் தீர்மானிக்கும் மாட் பக்கம் கீழே, முகக்கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. ஆக, புதிதாக வைக்கும் திரை அசலைவிடக் கனமாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுதும் மாட் பக்கத்தைக் கீழே தள்ளும். ஒரு சாதாரணத் தாளின் கனம், 0.1 மி.மீ., கீழே போனது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் அது சுமார் 15 சென்டிமீட்டர் தவறு. மணப்பெண்ணின் கண்ணுக்குக் குறிவைத்தால் கூர்மை அவள் கையில் ஏந்திய தாம்பாளத்தில் விழும். எஃப்/1.4-இல் சென்ஸாருக்கு முன்னும் பின்னும் பொறுக்கக்கூடிய பிழை 0.03 மி.மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கண்ணால் அளந்து, விரலால் தடவிச் சரிசெய்யும் சங்கதி இல்லை.

இங்கே கைகொடுப்பது பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் திருகு அளவி. அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. கடையில் வாங்கும் வெர்னியர் அளவியை நம்பி இதில் இறங்குவது மருதாணிக் கூம்பால் கையெழுத்துப் போடுவது போன்றது. அசல் திரை, புதுத் திரை இரண்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்து அளந்து, வித்தியாசத்தைச் சட்டத்தின் கனத்தில் கழிக்க வேண்டும். திரை மெல்லியதாக இருந்தால் சட்டத்தோடு இன்னொரு தகடு சேர வேண்டும். நிக்கான் பழுது பார்ப்போருக்கென்று வெவ்வேறு கனத்தில் தகடுகளைச் செய்ததே இதற்காகத்தான். அது கிடைக்காத இடத்தில் குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ., சமையலறை ஃபாயில் அதைவிடப் பலமடங்கு மெலிது. காகிதம் வேண்டாம், ஐப்பசி மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கும்.

பொருத்திய பின் தீர்ப்புச் சொல்ல லைவ் வியூ இருக்கிறது. அதில் தெரிவது திரையின் காட்சியல்ல, சென்ஸாரே பார்ப்பது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, சாய்த்து வைத்த அடிக்கோலின் ஒரு கோட்டை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கூர்மை வைத்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். பிளவு வட்டத்தில் அதே கோடு முறிந்து தெரிந்தால் தகடு தவறு. டி70, முதல் 5டி போன்ற பழைய மாடல்களில் லைவ் வியூ இல்லை. அடிக்கோலைப் படமெடுத்து, பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி எடுத்து… பொறுமையின் விலை தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டிய மாடல்கள் அவை.

திரை மாறினால் ஆட்டோஃபோகஸ் கெடுமா என்ற பயம் பரவலானது. கெடாது. ஆட்டோஃபோகஸுக்கான ஒளி முகக்கண்ணாடியின் பின்னாலிருக்கும் குட்டிக் கண்ணாடி வழியாகக் கேமராவின் அடிப்பகுதிக்குப் போகிறது. திரையின் பக்கமே வருவதில்லை. கெடுவது ஒளியளவு. மீட்டர் உட்கார்ந்திருப்பது திரைக்கு மேலே, வியூஃபைண்டர் பட்டகத்தின் அருகில். அது அளப்பது திரையில் சிதறும் ஒளியை. சிதறல் மாறினால் கணக்கு மாறும், லென்ஸுக்கு லென்ஸ் வேறுபடவும் செய்யும். நடுவில் மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் பிளவு வட்டமே குறுக்கே நிற்பதால் அந்த முறையை மறந்துவிடுவது நல்லது. சோதனைப் படங்கள் எடுத்து, வேண்டிய திருத்தத்தைக் கேமராவில் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பிளவு வட்டத்துக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, எஃப்/5.6-ஐ நெருங்கும் லென்ஸில் அதன் ஒரு பாதி கருத்துவிடும்; கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபாதி கருக்கும். 18-55 கிட் லென்ஸை மட்டும் வைத்திருப்பவர் இந்த மாற்றத்தைச் செய்தால் வியூஃபைண்டரின் நடுவில் ஒரு கரும்பொட்டைத்தான் சம்பாதிப்பார். இரண்டாவது, முறிந்து சேர அதற்கு ஒரு கோடு வேண்டும். அதுவும் பிளவுக்குக் குறுக்காக ஓடும் கோடு. அருப்புக்கோட்டையில் நெசவுக்கு நீட்டிய பாவைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் நூல்கள் எல்லாம் பிளவுக்கு இணையாக ஓடும், வட்டம் வாய் திறக்காது. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் உடனே பேசும். களத்தில் காயும் மிளகாய்க் குவியலில் எந்தக் கோடும் இல்லை, அங்கே சுற்றியுள்ள நுண்பட்டக வளையமும் மாட் பரப்பும்தான் துணை.

லென்ஸ் பொருந்துவதும் தனிக் கணக்கு. ஜெனித்தோடு வந்த ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப்/2, எம்42 திருகு மரை கொண்டது. அந்த மரைக்குரிய தூரம் 45.46 மி.மீ. கேனானின் 44-க்கும் இதற்கும் இடையே ஒன்றரை மி.மீ. இடம் இருப்பதால் மெல்லிய வளையம் போட்டால் போதும். நிக்கானின் 46.5 இதைவிட அதிகம். வளையம் போட்டால் லென்ஸ் இன்னும் முன்னே போய் தூரத்துப் பனைமரம் கலங்கும். சரிசெய்யக் கண்ணாடி வைத்த வளையம் வேண்டும், அந்தக் கண்ணாடி படத்தின் தரத்தைக் குறைக்கும். ஹீலியோஸ்காரர்களுக்கு நிக்கானைவிடக் கேனான் உடல் உகந்தது என்பதற்குக் காரணம் இந்த இரண்டரை மி.மீ. வித்தியாசம்தான்.

இதே திரையை நேரெதிர்த் திசையில் பயன்படுத்திய ஒரு காலமும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் வீடியோ கேமராக்களின் சென்ஸார் மிகச் சிறியது. பின்னணி கலங்கிய சினிமாக் காட்சி அதில் கிடைக்காது. ஜெர்மனியின் பி+எஸ் டெக்னிக் ஒரு வழி கண்டது. 35 மி.மீ. லென்ஸ் ஒரு தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தை வீழ்த்தும், வீடியோ கேமரா அந்தக் கண்ணாடியைப் படமெடுக்கும். லீட்டஸ், ரெட்ராக் போன்றவை அதன் மலிவுப் பதிப்புகள். கைவேலைக்காரர்கள் எஸ்எல்ஆர் திரையைப் பிடுங்கி பிவிசி குழாயில் வைத்தே செய்தார்கள். கண்ணாடியின் சொரசொரப்பு படத்தில் புள்ளிகளாகத் தெரிந்ததால் அதைச் சுழற்றினார்கள், மோட்டாரால் நடுங்கவைத்தார்கள். பிம்பம் தலைகீழாக வந்தது, ஒளி பாதியாகக் குறைந்தது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 முழுச் சட்ட சென்ஸாரில் வீடியோ எடுக்கத் தொடங்கியதும் அத்தனை கருவிகளும் ஒரே மூச்சில் ஓய்ந்தன. நான்கு ஆண்டுகளில், 2012-ல், பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் டிஜிட்டல் ஸ்டில் கேமராவிலேயே ஒளிப்பதிவு செய்துவிட்டார்.

எஸ்எல்ஆருக்குள் வைக்கும் பழைய திரைக்கும் இப்படி ஒரு 2008 வந்துவிட்டதா? கிட்டத்தட்ட வந்துவிட்டது. மிரர்லெஸ் கேமராவில் முகக்கண்ணாடி இல்லை, திரையும் இல்லை. சென்ஸார் பார்ப்பதையே கண் பார்க்கிறது. கூர்மையான விளிம்புகளுக்கு வண்ணம் பூசிக் காட்டும், கண் இமையைப் பெரிதாக்கிக் காட்டும். ஃபியூஜிஃபில்ம் 2013-ல் எக்ஸ்100எஸ்-இல் பிளவு வட்டத்தைக்கூட மின்னணு வடிவில் கொண்டுவந்தது. அதில் தகடு வைக்க வேண்டாம், அளவி வேண்டாம். கையில் காசு இருப்பவர் பழைய லென்ஸுக்காக ஒரு மிரர்லெஸ் உடலை வாங்குவதே சுருக்கு வழி.

இருந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு கூட்டம் உண்டு: செகண்ட்ஹாண்ட் எஸ்எல்ஆர் கையில் இருப்பவர், எஃப்/2-க்கு மேல் திறக்கும் பழைய லென்ஸ் ஒன்றிரண்டு வைத்திருப்பவர், ஓடும் பிள்ளைகளை விட்டு நிற்கும் முகங்களை எடுப்பவர். அவருக்கு இது நியாயமான வேலை. கேனான் 5டி, 6டி வைத்திருந்தால் வெட்டும் வேலையே வேண்டாம், எஸ் வகைத் திரை கிடைக்கிறதா என்று முதலில் தேடலாம். நிக்கான்காரர் கே3-க்காக ஓடுகிற எஃப்எம்2-வைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. ஷட்டர் செத்த உடலிலிருந்து எடுத்தாலும் திரை திரைதான். எஃப்எம்2-இல் அதைக் கழற்ற ஒரு சாமணம் போதும்; எஃப்எம்10-இன் திரை அப்படிக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கரிசல் நாட்டில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது கடற்கரை ஊர்களைவிடக் குறைவு. புழுதி மட்டும் தாராளம். திரையை ஒருமுறை கழற்றியவர் வியூஃபைண்டரில் நாலைந்து கரும்புள்ளிகளைப் பார்க்காமல் தப்ப முடியாது. அவை படத்தில் விழாது. சென்ஸார் மேல் இருக்கும் தூசிதான் படத்தில் விழும். ஆனாலும் கண்ணை உறுத்தும், துடைக்கக் கை துறுதுறுக்கும். சட்டைத் துணியால் ஒருமுறை துடைத்தால் புள்ளி போய்க் கீறல் வரும், தின்னர் தொட்டால் பிளாஸ்டிக்கே வெளுக்கும். ரப்பர் ஊதுபந்தால் இரண்டு முறை ஊதிவிட்டு லென்ஸை மாட்டிவிடலாம். மிஞ்சிய புள்ளி அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.